நான் சேர்த்த கடைசிப் பத்தி

இரண்டு வருடங்களுக்கு முன், ஜார்ஜ்டவுனில் ஒரு மண்டபத்தில், நூறு பேருக்கு முன்னால் என் மகள் என் மானத்தை வாங்கினாள். எனக்குக் கடல்பாலத்துக்கு இந்தப் பக்கம், ஜுருவில் தொழிற்சாலை வேலை. வாய் மட்டும் வீட்டுக்கு வந்த பிறகும் ஓவர்டைம் பார்க்கும்.

அவள் அப்போது பள்ளியில் ஐந்தாம் படிவம், பதினேழு வயது. இளையோர் சிறுகதைப் போட்டிக்குக் கதை எழுதி, தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். கதை சொல்பவள் பதினேழு வயதுப் பெண். வாய் திறந்தால் பொய். டியூஷனுக்கு மட்டம். அவளுடைய அப்பா, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மகளின் கணக்கு மார்க்கைச் சொல்லிச் சிரிக்க வைப்பவர். ஒருநாள் அவர் விருந்துக்குக் கிளம்பும்போது, மோட்டார்சைக்கிள் சாவியை அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டு அவர் தேடுவதை வேடிக்கை பார்க்கிறாள். 'எனக்கு வருத்தமே இல்லை' என்று கதை முடிகிறது.

எனக்கு ரத்தம் கொதித்தது. முந்தைய தீபாவளிக்குச் சாவியைக் காணாமல் கட்டில் அடியில் தவழ்ந்தவன் நான்தான்.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கெட்ட பிள்ளை கடைசியில் திருந்தினால்தானே நம் ஆட்கள் பரிசு கொடுப்பார்கள்? நானே ஒரு பத்தி சேர்த்தேன். பெண் அப்பாவின் காலில் விழுந்து கதறுகிறாள். கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவானேன் என்று, அப்பாவுக்குத் 'தங்கமான மனசு' என்றும் எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் பரிசு. அறிவிப்பாளர் அந்தப் பத்தியைத்தான் உருகி உருகி வாசித்தார். பலத்த கைதட்டல். மேடையில் நின்ற மகள் மைக்கை வாங்கினாள்.

"இத நான் எழுதல. எங்கப்பா எழுதுனாரு. பரிச அவருக்கே குடுத்துருங்க."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "போங்கண்ணே, போய் வாங்கிக்குங்க லா" என்றார். மண்டபமே சிரித்தது. ஒரு கூட்டம் சிரித்து எனக்குப் பிடிக்காமல் போனது அதுதான் முதல் தடவை.

காரில் ஏறியதும் கத்தினேன். "இத்தன பேரு முன்னாடி அசிங்கப்படுத்திட்டியே?"

"நீங்க எத்தன பேரு முன்னாடிப்பா?"

கார் பாலத்தில் ஏறியது. பிறகு அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "டீச்சரே டைப் பண்ணித் தரேன்னாங்க. நீங்க படிக்கணும்னுதான் உங்ககிட்ட குடுத்தேன்."

வாயில் ஒரு ஜோக் தயாராக இருந்தது. விழுங்கினேன். தொண்டையை அறுத்துக்கொண்டு போனது.

இப்போது விருந்தாளிகள் வந்தால் என்னை வைத்து மட்டும்தான் சிரிக்க வைக்கிறேன், அந்தச் சரக்குக்குப் பஞ்சமில்லை. மகள் இன்னமும் எழுதுகிறாள், என்னிடம் காட்டுவதில்லை. நேரில் சொல்ல முடியாததை ஒரே ஒருமுறை எழுதிக் கொடுத்தாள், அதிலும் குறுக்கே புகுந்து நானே பேசினேன் என்று என் மேல் எனக்குள்ள கோபம் இன்றுவரை ஆறவில்லை.