லா சப்பலில் கணவாய்ப் பொரியல்

ஒரு வாரமாகப் பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் பியர் ஆலைகள் ஏறி இறங்கிய நாங்கள் நால்வர், இன்று மதியம் பாரிஸில் இருக்கிறோம். தலைவர் சேகர். காரம் பட்டால் நாக்கு கெட்டுவிடும், பியரின் ருசி பிடிபடாது என்பது அவர் போட்ட சட்டம். வெறும் ரொட்டியைத் தின்று மற்ற மூவருக்கும் உயிரே போகிறது.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் ஒரு யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடை. சேகர் பியர் மட்டும் கேட்கிறார். கடைக்காரர் பியரோடு, மிளகாய் சிவக்க ஆவி பறக்கும் கணவாய் மீன் பொரியலையும் கொண்டுவந்து வைக்கிறார்.

"இது நாங்க கேக்கலையே, அண்ணே?" என்கிறார் சேகர்.

"கடிக்க ஒண்டும் இல்லாமல் பியரோ? இஞ்சை அப்பிடிக் குடுக்கிறேல்லை."

"நாங்க பியரை டேஸ்ட் பண்ண வந்திருக்கோம்."

"அதிலை என்ன ருசி பாக்கக் கிடக்கு? குளிரா இருந்தாச் சரிதானே." தட்டைச் சேகர் பக்கமே தள்ளுகிறார். "என்ரை மனிசி பொரிச்சது. ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்கோ."

மறுக்க முடியாமல் சேகர் ஒரு துண்டை எடுக்கிறார். பிறகு இன்னொன்று. மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டைத் தன் பக்கம் இழுக்கிறார். எங்களுக்கு மிஞ்சியது நாலு வெங்காயம்.

திரும்பி வந்த கடைக்காரரின் முகம் வாடுகிறது. சேகரின் பியர் நுரை அடங்கி, தொடாமலே இருக்கிறது.

"என்னண்ணை, பியர் சரியில்லையோ?"

சேகர் அப்போதுதான் கோப்பையைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, காலித் தட்டை எடுத்து நீட்டுகிறார்.