ரெண்டாவதை இன்னொரு தடவை காட்டுங்க

கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்கிறவர்கள் என்பது அவளுக்குத் தெரியும். கெட்ட எண்ணத்தில் சொல்கிற பொய் இல்லை, கூச்சத்தில் சொல்வது. இருட்டறை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின்மேல் கனத்த இரும்பு ஃபிரேமை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு, "இது நல்லா தெரியுதா?" என்று கேட்டு, அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டு, "இல்ல, இது நல்லா தெரியுதா?" என்று கேட்டால், நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிற ஆளுக்கும் குரல் உள்ளே போய்விடும். தப்பான விடை சொல்லிவிடுவோமோ என்று பரீட்சைப் பயம். "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள்.

வேறு சிலர் உண்டு. இரண்டாவதுதான் வேண்டும் என்று அவர்களுக்குள் முடிவாகியிருக்கும். ஆனால் அதைக் கேட்க வாய் வராது. "ரெண்டாவதை இன்னொரு தடவை காட்டுங்க" என்பார்கள். அப்படிக் கேட்டுவிட்டாலே தீர்ந்தது. அதற்குமேல் காட்டத் தேவையே இல்லை.

இதெல்லாம் அவள் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சொல்கிற கதைகள். மற்ற நேரத்தில் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவது பல் பிடுங்குகிற மாதிரி. நடப்பதும் சத்தமில்லாமல். திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பாள். அதனால் கணவன் அவளுக்குப் பூனை என்று பெயர் வைத்திருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். "நாள் பூரா ஏறி ஏறி இறங்குறேன், கடைசியில தரைத்தளத்துலதான் நிக்கிறேன்" என்று தன் உத்தியோகத்தைப் பற்றித் தானே கிண்டல் செய்துகொள்கிற ஆள்.

பூனை எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா படுத்த படுக்கையானபோது, வீட்டில் யாராவது ஒருத்தர் இருக்க வேண்டும் என்றார்கள். அந்த யாராவது எப்போதும் மூத்த பெண்தான். ஆணியில் மாட்டியிருந்த அவள் பையைப் பிறகு தம்பி தூக்கிக்கொண்டு போனான். கண்ணாடிக் கடைக்கு முதலில் பெருக்கித் துடைக்கத்தான் வந்தாள். பிறகு பின்னறையில் லென்ஸின் ஓரம் தேய்த்து ஃபிரேமுக்குள் பொருத்தும் வேலை. இப்போது சில வருடமாக, இருட்டறையில் கண் பார்க்கிற அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, பெட்டியிலிருந்து லென்ஸ் எடுத்துக் கொடுக்கிறாள். கேட்பது அந்த அம்மா, எடுத்துக் கொடுப்பது இவள். நாற்காலியில் இருப்பவர் முகம் சட்டென்று தெளிகிற கணம் ஒன்று உண்டு. மங்கலாக இருந்த சுவரில் எழுத்து வந்து நிற்கும். அந்தக் கணத்தில் அவர்கள் பார்ப்பது கேட்ட ஆளைத்தான்.

மகள் ஆறாம் வகுப்பு படித்தபோது பூனை தனியாகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினாள். மகள் ஒன்பதுக்கு வந்தபோது பூனை பன்னிரண்டை முடித்தாள். "எங்க வீட்ல எனக்கு ஒரு சீனியர் இருக்காங்க, ஹோம்வொர்க்கைக் குடுத்தா திருத்துவாங்க, ஆனா ராகிங் பண்ணுவாங்க" என்று மகள் தோழிகளிடம் சொல்வாள்.

இப்போது இரண்டு பல்கலைக்கழகங்கள் பூனைக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தன. இரண்டுமே அரசாங்கத்துடையவை. ஒன்று வீட்டுக்குப் பக்கத்தில், மேம்பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். மாலை வகுப்பு, வணிகவியல். இன்னொன்று ரயிலில் போக வேண்டிய தூரம். பகல் வகுப்பு, ஆப்டோமெட்ரி. கண் பார்க்கிற அம்மா படித்த அதே படிப்பு. வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சரி சொல்லியாக வேண்டும். ஒன்றுக்குச் சரி என்றால் மற்றதில் அவள் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

"முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வருவோம். செருப்புக் கடையில கூடக் காலை விட்டுப் பாத்துத்தானே வாங்குறோம்" என்றான் கணவன்.

பக்கத்தில் இருந்ததற்கு ஒரு சாயங்காலம் போனார்கள். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் பழைய நான்கு மாடிக் கட்டடம். படிக்கட்டுக் கைப்பிடி ஆயிரம் கைகள் தடவி வழவழவென்றிருந்தது. வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் வேலை முடித்து நேராக வந்தவர்கள். ஒருவர் சட்டையில் பெயின்ட். ஒரு பெண் மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கின பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பூனையை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கதவோரம் இருந்த ஒருத்தி மட்டும் நகர்ந்து இடம் விட்டு, "உக்காருங்கக்கா, சார் லேட்டாத்தான் வருவாரு" என்றாள். பூனைக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. கடையை விட வேண்டியதில்லை. காலையில் மகள் பள்ளிக்குக் கிளம்பும்வரை வீட்டில் இருக்கலாம். படித்து முடித்தால் கல்லாவில் உட்கார வைப்பதாக முதலாளியும் சொல்லியிருந்தார். குறை சொல்ல என்ன இருக்கிறது?

தூரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போன அன்று அவன் விடுப்பு எடுத்திருந்தான். வாசலில் சீருடைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரைச் சேர்க்க வந்திருக்கீங்க? பையனா, பொண்ணா?"

அவள் வாயில் வந்தது, "பொண்ணுங்க."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. கணவன் திரும்பிப் பார்த்தான். அதற்குள் சீருடைக்காரர், "பெத்தவங்க எல்லாம் இடது பக்கம் ஹாலு" என்று கையை நீட்டிவிட்டார்.

ஹாலில் ஒரே அப்பா அம்மாக்கள். டீ கொடுத்தார்கள். விடுதியில் தண்ணீர் வருமா, பெண்களுக்குத் தனி வாசல் உண்டா என்று கேள்வி மேல் கேள்வி. எதிரே ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கு அந்தப் பக்கம், படிக்க வந்த பிள்ளைகளை வரிசையாக ஒரு அறைக்குள் அழைத்துப் போனார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே இருட்டும், இருட்டுக்குள் ஒரு சின்ன வெளிச்சமும் தெரிந்தன. பூனை டீயைக் குடிக்கவில்லை. ஆடை கட்டின டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தாள். அம்மா படுத்திருந்த வருடம், பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகளை ஜன்னல் வழியாகப் பார்த்தது இப்படித்தான்.

பக்கத்திலிருந்த ஒரு அம்மா, "உங்க பொண்ணு உள்ள போயிட்டாளா?" என்று கேட்டாள்.

பூனை பதில் சொல்லுமுன் கணவன் எழுந்துவிட்டான். "இல்லைங்க, எங்க பொண்ணு இங்க உக்காந்து டீயை ஆற வெச்சிட்டிருக்கு" என்று சொல்லி அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கினான். ஹாலே சிரித்தது. அவளுக்குக் காது மடல்வரை சூடேறியது. செருப்பு தரையில் தேய, கண்ணாடிக் கதவுவரை அவனே கொண்டுபோய் விட்டான்.

உள்ளே ஓர் ஆசிரியை மேசைமேல் இருந்த கருவியைக் காட்டினாள். ஒரு பக்கம் தாடையை வைத்து நெற்றியை ஒட்டிக்கொள்ள வேண்டும். மறுபக்கம் உட்கார்ந்து, குழல் வழியாகப் பார்க்க வேண்டும். கடையில் இது இல்லை. "யாராவது முகத்தைக் குடுங்க" என்றதும், அழையா விருந்தாளியாகக் கதவருகே நின்ற கணவன் வந்து தாடையை வைத்தான். "அம்மா, நீங்க பாருங்க" என்று ஆசிரியை பூனைக்கு இடம் விட்டாள்.

அவள் குனிந்து பார்த்தாள்.

கறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த கண் கறுப்பே இல்லை. ஈர மணலில் அலை திரும்பிப் போனால் கோடு கோடாக நிற்குமே, அப்படிப் பழுப்பில் மடிப்புகள். நடுவில் ஒரு பள்ளம். வெளிச்சக் கீற்று பட்டதும் அந்தப் பள்ளம் சுருங்கியது, கீற்று விலகினால் விரிந்தது, உயிருள்ள ஒன்று தனியாக மூச்சு விடுகிற மாதிரி. இத்தனை வருடம் எதிரே உட்கார்ந்து சோறு தின்ற மனிதனின் கண்.

"என்ன தெரியுது? உள்ள பூரா நீதானா?" என்றான் அவன் தாடையை அசைக்காமல்.

பின்னால் நின்ற பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குச் சிரிக்கவும் தோன்றவில்லை, வெட்கப்படவும் தோன்றவில்லை. அடுத்த ஆள் தோளைத் தொடும்வரை அவள் எழவில்லை.

திரும்பி வருகிற ரயிலில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் அதிசயம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் ஒரு தொந்தரவு தொடங்கியது. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், பூனை கிட்டே போய்க் குனிந்து முகத்தையே பார்ப்பாள்.

"அப்பா, அம்மாவைப் பாருங்க, முறைக்கிறாங்க. நான் ஒண்ணுமே பண்ணல!"

புதன்கிழமை நாத்தனார் வந்தாள். கணவனுக்கு அக்கா, நாக்கில் கொஞ்சம் காரம், கையில் எப்போதும் ஏதாவது பழம். "பக்கத்துல இருக்கிறதை விட்டுட்டு எதுக்கு ரயிலேறிப் போகணும்? இந்த வயசுல பையைத் தூக்கிட்டுப் போனா, பேத்தியைக் கூப்பிட வந்தீங்களான்னு கேப்பாங்க. தம்பி, நீயாச்சும் எடுத்துச் சொல்லு."

"நான் என்னத்தைக்கா சொல்றது? படிக்கப் போறது அவ" என்றான் கணவன். பூனையைப் பார்த்தான். "நீ சொல்லு. எது?"

கணவன், நாத்தனார், மகள் மூன்று பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். தூரத்துப் படிப்பு என்றால் கடையை விட வேண்டும். விடிவதற்குமுன் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. மகள் தானே சோறு போட்டுத் தின்ன வேண்டும். அவன் ஷிஃப்ட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். இத்தனை பேரை அசைத்துவிட்டுத் தனக்கென்று ஒன்றை எடுத்துக்கொள்வதா?

"ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றாள்.

"அப்புறம் என்ன, பக்கத்துல இருக்கிறதுதான். பேச்சு முடிஞ்சுது" என்று நாத்தனார் பழத்தை உரித்தாள். சாப்பாட்டுத் தட்டைக் கழுவப் போன கணவன், கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மாலை வேலையிலிருந்து வந்ததும் அவன் ஜன்னல் திரையை இழுத்து மூடினான். சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து கூடத்து நடுவில் போட்டான்.

"உக்காரு."

"அடுப்புல பால் இருக்கு."

"பாலைக் குட்டி பாத்துக்கும். உக்காருங்கம்மா, பின்னாடி ஆள் நிக்குது." கண் பார்க்கிற அம்மாவின் குரல் அவன் வாயில் அப்படியே வந்தது. மகள் கரண்டியோடு கதவருகே வந்து நின்றாள்.

பூனை உட்கார்ந்தாள். அவன் பின்னால் நின்று உள்ளங்கைகளால் அவள் கண்கள் இரண்டையும் பொத்தினான். கையில் கிரீஸ் வாசனை இருந்தது.

"நேரா பாருங்க. இப்ப ஒண்ணாவது. மேம்பாலம். வழவழன்னு கைப்பிடி. உக்காருங்கக்கான்னு இடம் விட்ட பொண்ணு. கடை இருக்கும், கல்லா இருக்கும், வீடு இருக்கும். நல்லா தெரியுதா?"

"தெரியுது."

"சரி, மாத்துறேன். இப்ப ரெண்டாவது. ரயிலு. தினமும் அந்த சீருடைக்காரன் பையனா பொண்ணான்னு கேப்பான். வீட்ல நான் வைக்கிற குழம்பு. அதை நினைச்சாலே பயமாத்தான் இருக்கும். இருட்டு ரூமு. அந்த மெஷினு. என் கண்ணு. நல்லா தெரியுதா?"

உள்ளங்கையில் அவள் இமை படபடப்பது அவனுக்குத் தெரிந்தது. பிறகு கை நனைவதும் தெரிந்தது.

"எதும்மா நல்லா தெரியுது? இல்ல, ரெண்டும் ஒண்ணுதானா?"

பால் பொங்குகிற சத்தம் கேட்டது. மகள் ஓடவில்லை.

"ரெண்டாவதை..." என்றாள் பூனை. குரல் உள்ளேயே போய்விட்டது. தொண்டையைச் செருமினாள். "ரெண்டாவதை இன்னொரு தடவை காட்டுங்க."

மகள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "அப்பா! கேட்டுட்டாங்க!" என்று கத்தினாள்.

அதற்குமேல் காட்டத் தேவையில்லை என்பது அந்த வீட்டில் மூன்று பேருக்குமே தெரியும். ஆனாலும் அவன் கையை எடுக்காமல், முதலிலிருந்து, அவசரமில்லாமல் சொல்லத் தொடங்கினான்.

"ரயிலு..."