நான்கு இழுப்பு

இது கட்டுக்கதை இல்லை. என் மச்சானுக்கு நடந்தது. கேட்டுவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். முதலில் நானும் சிரித்தேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். ஆளில்லாத கட்டடங்களின் உச்சியில் இருபது வருஷமாகத் தனியாக வேலை பார்க்கிறவர். பேய் என்று யாராவது வாயெடுத்தால் கேலி பண்ணியே ஓட விடுவார். அவருக்கு இருந்த ஒரே பித்து மீன். காற்றடித்து விரிக்கிற பேடில் போர்டு ஒன்று வைத்திருந்தார். அதில் நின்றபடியே துடுப்புப் போட்டு, நீர்த்தேக்கத்தின் நடுவில் போய்த் தூண்டில் போடுவார். "அண்ணன் மெத்தைய எடுத்துட்டுக் கிளம்பிட்டான்" என்பாள் என் மனைவி. நீச்சல் சுமார்தான். போர்டையும் கணுக்காலையும் இணைக்கிற கால் கயிறு இருக்கிறதே என்ற தைரியம். லைஃப் ஜாக்கெட் கார் டிக்கியில் தூங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை 6.10. நல்ல பனிமூட்டம், கரையே தெரியவில்லை. மதகுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் நங்கூரத்தை இறக்கினார். இரண்டு கிலோ இரும்பு. அதன் கயிற்றைப் போர்டின் வால் பக்க வளையத்தில் முடிந்தார். கால் கயிறு மாட்டியிருந்ததும் அதே வளையம்தான். சோம்பேறித்தனம், வேறென்ன.

6.25. நங்கூரக் கயிறு ஒரு முறை இழுபட்டது. மீன் உரசியிருக்கும் என்று விட்டுவிட்டார். சற்று நேரத்தில் மறுபடியும் ஒன்று. கயிற்றைக் கையில் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கையில் தெளிவாக ஒரே ஒரு இழுப்பு.

இங்கேதான் அவருடைய தொழில் புத்தி குறுக்கே வந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் உள்ளேயிருந்து தட்டினால், கதவைத் திறப்பதற்கு முன்பே மெக்கானிக் திருப்பித் தட்டுவார். வெளியே ஆள் இருக்கிறது, பயப்படாதே என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில், யோசிக்காமல், கயிற்றை ஒரு முறை சுண்டிவிட்டார்.

தண்ணீர் அசையவில்லை. தூரத்தில் கத்திக்கொண்டிருந்த பறவைகூட நிறுத்திவிட்டது.

6.31. நான்கு இழுப்பு. அளந்து வைத்த மாதிரி ஒரே இடைவெளி. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை... மறுபடி நான்கு.

"கீழ யாராவது இருக்கீங்களா?" என்று தண்ணீரைப் பார்த்துக் கேட்டாராம்.

நங்கூரத்தைத் தூக்கப் பார்த்தார். ஒரு முழம் வந்தது. பிறகு இரண்டு முழம் கீழே போனது.

போர்டின் வால் அமிழ்ந்தது. பாதத்தில் தண்ணீர். காலை உருவப் பார்த்தார். கால் கயிறும் நங்கூரக் கயிறும் முறுக்கிக்கொண்டிருந்தன. கணுக்கால் பட்டையைப் பிரிக்க முடியவில்லை.

பட்டையை மறுபடியும் பிடித்து இழுத்தார்.

முழங்கால் வரை தண்ணீர்...

நான்கு இழுப்பு.

ஒருவேளை நிஜமாகவே ஆளோ?

நான்கு இழுப்பு.

இடுப்பிலிருந்த மீன் கத்தியை எடுத்தார். நங்கூரக் கயிற்றை அறுத்தார்.

போர்டு துள்ளி மேலே வந்தது. மணி 6.40.

கரை சேர்ந்ததும் அணை அலுவலகத்துக்குத்தான் முதலில் ஓடினார். இரண்டு நாள் தேடினார்கள். யாரும் இல்லை. யாரும் காணாமல் போகவும் இல்லை. ஆனால் மச்சானுக்குச் சோறு இறங்கவில்லை. "உசிரோட இருந்த ஒரு ஆளை அறுத்து விட்டுட்டேன்டா" என்று என்னிடம் அழுதார். வேலைக்கும் போகவில்லை.

மூன்றாவது வாரம், மதகுகளைச் சோதிக்க முன்பு தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்த டைவர் ஒருவர் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வயதானவர்.

"மொதல்ல எத்தனை இழுப்பு?"

"ஒண்ணு."

"நீங்க?"

"நானும் ஒண்ணு குடுத்தேன் சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "எங்க கயித்துப் பேச்சு அது தம்பி. கீழ இருக்கறவன் ஒண்ணு இழுத்தா, 'இருக்கியா'ன்னு அர்த்தம். மேல இருக்கறவன் அதையே திருப்பிக் குடுத்தா 'இருக்கேன்'. நாலுன்னா, 'என்னை மேல தூக்கு'."

மச்சானுக்கு முகம் வெளிறிவிட்டது. "அப்போ கீழ இருந்தது, செத்துப்போன டைவரா?"

"அந்தத் தண்ணில எங்காளு ஒருத்தனும் சாகலை. பதினோரு வருஷத்துக்கு முன்ன மூணு பேர் இறங்கினோம். மூணு பேரும் ஏறிட்டோம். படகுல உக்காந்து மூச்சு வாங்கிட்டு இருக்கோம்... தண்ணிக்குள்ள கெடந்த கயிறு ஒரு தடவை இழுத்துச்சு. பழக்க தோஷம், நான் ஒண்ணு திருப்பிக் குடுத்தேன். ஒடனே நாலு."

மச்சான் தன் உள்ளங்கையையே பார்த்தார்.

"நீங்க யாரையும் விட்டுட்டு வரலை. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்று அவர் எழுந்தார். "அறுத்தீங்க பாருங்க, அதான் சரி. அன்னைக்கு நாங்க அறுக்காம தூக்கிட்டோம்."

என்ன வந்தது என்று மச்சான் கேட்டார். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.