ஆக்சிஜன் எம்புட்டு இருக்கு?

என்னைப் படிக்கவைத்தது அண்ணன்தான், மேலூர் கல் குவாரியில் வேலை பார்த்து. நுரையீரல் முழுக்கக் கல்தூசி படிந்து, கே.கே. நகரில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தார். நான் பக்கத்தில் லேப்டாப்போடு இருந்தேன். இறக்கும் நட்சத்திரம் தன்னைச் சுற்றி ஊதிவிடும் வாயுக்கூட்டைக் கோள் நெபுலா என்பார்கள். அதன் ஒளியைப் பிரித்து, எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுவதே என் ஆராய்ச்சி.

ஒரு மத்தியானம் அண்ணன் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார்.

“என்னடா அது, கோடு கோடா?”

இறக்கும் என்ற சொல்லை விழுங்கிக்கொண்டேன். “ஒரு நட்சத்திரம்ணே. அதுல ஆக்சிஜன் எம்புட்டு இருக்குன்னு பாக்குறேன்.”

“அம்புட்டுத் தூரத்துல இருக்குறது தெரியுதா?”

“தெரியுதுண்ணே.”

“அப்ப எனக்கு எம்புட்டு இருக்குன்னு சொல்லு.”

தலைமாட்டுத் திரையில் எண் இறங்கிக்கொண்டே இருந்தது. இனி நம்பிக்கையில்லை என்று டாக்டர் காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்.

“நெறைய இருக்குண்ணே” என்றேன்.

தலையாட்டிவிட்டு, முகமூடியைத் தானே மாட்டிக்கொண்டார். மறுநாள் போய்விட்டார்.

அந்த நெபுலாவின் கணக்கை முடித்தேன், ஆய்விதழில் சரியென்று ஏற்றுக்கொண்டார்கள். அதன்பிறகு எத்தனையோ அளந்துவிட்டேன். ஆக்சிஜனின் பச்சைக் கோடு திரையில் எழும்போதெல்லாம் அவர் குரல் கேட்கிறது. நான் சொன்னதை நம்பித் தலையாட்டினாரா, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஆட்டினாரா என்பதுதான் தெரியவில்லை.