ஷாக் மேடம் அடித்த அடி

டெய்ரி ஃபார்ம் ஏரியா சம்சாத்துக்குக் கோபம் மூக்குக்கு மேலே. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகக் கடை, குடோன் என்று ஏறி இறங்கி ஒயரிங் பார்ப்பவள். அவள் சரி என்றால்தான் பாலிசி. கடைக்காரர்கள் வைத்த பேர் ‘ஷாக் மேடம்’. ஒருவன் ஷட்டரை இறக்கிவிட்டு மிரட்டியபோது, அவன் புறங்கையில் டெஸ்டரால் குத்திவிட்டு வெளியே வந்தவள். அப்படிப்பட்டவளிடம்தான் மாயாபந்தர் ஊர்க்காரன் துரைசாமி நாடகம் ஆடப் பார்த்தான். விவஸ்தை கெட்ட மனுஷன்!

இந்தத் தீவுகளில் ஒரு வழக்கம் உண்டு. உப்புக் காற்றும் மழையும் சேர்ந்தால் கரண்ட் கசியும். கசிந்தால் உயிரைக் காக்கிற பிரேக்கர் பட்டென்று விழும். அது விழுந்தால் ஐஸ் உருகி மீன் நாறிவிடும் என்று, பிரேக்கரைத் தாண்டி ஒரு துண்டு ஒயரை மாட்டி ஓட்டுவார்கள். இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் அந்த ஒயரைக் கழற்றிவிட்டு, கசிகிற பெட்டியையும் ஒளித்துவைப்பார்கள்.

துரைசாமியின் மீன் கடை மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஃப்ரீஸர் ஒன்று நின்றது. சம்சாத் அந்தத் தார்ப்பாயை இழுத்தெறிந்தாள். உள்ளே சுர்மாய் மீன் விறைத்துக் கிடந்தது.

“அது பேக்கார் பெட்டி மேடம். தூக்கிப் போட வச்சிருக்கோம்” என்றான் துரைசாமி.

“தூக்கிப் போடுற பெட்டிக்குள்ள மீன் எதுக்கு? பிளக்கைச் சொருகுங்க.”

சொருகியதும் பிரேக்கர் விழுந்தது.

“பாலிசி கிடையாது. இந்தப் பெட்டி வெளியே போகட்டும், அப்புறம் வர்றேன்.”

பாலிசி இல்லையென்றால் கடையைக் காலி செய் என்று கட்டட ஓனர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். துரைசாமிக்கு ரத்தம் தலைக்கேறியது. அவளைப் பிடித்துத் தள்ளினான். சுவரில் மோதி அவள் நெற்றி கிழிந்தது.

“அரே, இந்த ஊர்ல எந்தக் கடைல மேடம் பிரேக்கர் நிக்குது? தேக்கோ, நீங்களே பாருங்க!” என்று கத்திக்கொண்டே வாசலோரம் இருந்த மெயின் போர்டுக்குப் போனான். மெயினை அணைத்துத் துண்டு ஒயரை மாட்டி, மறுபடி மெயினைப் போட்டான். ஃப்ரீஸர் உறுமியது.

சத்தம் கேட்டு அவன் பெண்டாட்டி சொர்ணம்மா பின்கட்டிலிருந்து வெறுங்காலோடு ஓடி வந்தாள். பாவம், அவளுக்கு மீன் கவலை. ஈரத்தரையில் நின்று ஃப்ரீஸரின் கைப்பிடியைப் பற்றினாள். பற்றிய கையை விட முடியவில்லை. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வாய் கோணியதே தவிர சத்தம் வரவில்லை.

“மெயினை அணைடா!” என்று சம்சாத் அலறினாள்.

அவன் காதில் விழவில்லை. பெண்டாட்டியைக் கட்டி இழுக்கப் பாய்ந்தான், மடையன். தொட்டிருந்தால் அங்கேயே இரண்டு பிணம். காய்ந்த படாக் மர ஸ்டூலைத் தூக்கி அவன் தோளில் ஓங்கிப் போட்டாள் சம்சாத். எலும்பு முறிந்து விழுந்தான். அடுத்த அடி சொர்ணம்மாவின் மணிக்கட்டில். பிடி விடவில்லை. மறுபடி அடித்தாள். கை உடைந்து பிடி கழன்று, அவள் மீன் தண்ணீரில் சரிந்தாள்.

சம்சாத் ஓடி மெயினை அணைத்துவிட்டுத் திரும்பினால் சொர்ணம்மாவுக்கு மூச்சு இல்லை. நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்து அழுத்தென்று அழுத்தினாள். விலா எலும்பு ஒன்று உடைவது கைக்குத் தெரிந்தது. அப்படியும் விடவில்லை. கடைசியில் ஒரு இருமல் வந்தது. “யா அல்லாஹ்!” என்று அந்த அழுக்குத் தண்ணீரிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள் ஷாக் மேடம்.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் வந்தார். துரைசாமி தோள் கட்டோடு முந்திக்கொண்டான்.

“இந்தப் பொம்பளைதான் சார் என்னையும் அடிச்சு, என் பெண்டாட்டி கையையும் உடைச்சா. பாலிசியும் தர மாட்டாளாம். கேஸ் போடுங்க!”

சம்சாத் வாயைத் திறக்குமுன் சொர்ணம்மா கட்டிலிலிருந்து எழுந்தாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷனை ‘நீங்க’ என்றே கூப்பிட்டவள். கட்டுப் போடாத கையால் அவன் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள்.

“அவ என் கையை உடைச்சா, சரி. ஒயரை மாட்டினது நீ. எழுதிக்குங்க சார், அந்த ஒயரையும் எழுதிக்குங்க.”