வலது பின் உள்சக்கரம்

அவளை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சை வார்டில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பேர் அவளை விட்டபாடில்லை. எதிர்வீட்டுக்காரி, மருந்துக்கடைக்காரர், ஏன், கட்டின புருஷனே பாதி கேலியும் பாதி பாசமுமாக "என்ன சிஸ்டர், கிளம்பலாமா?" என்றுதான் கேட்பார்.

அவர் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். ஊர் ஊராகப் போனாரே தவிர எந்த ஊரையும் பார்த்ததில்லை. பஸ் நிலையம், கழிப்பறை, மறுபடி ஸ்டீயரிங், அவ்வளவுதான். அதனால் இருவரும் ஓய்வு பெற்றதும் பழைய வேன் ஒன்றை வாங்கினார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, மடக்கு மேசை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி ஓடுகிற வீடாக மாற்றியிருந்தார்கள். முன்னால் இரண்டு சக்கரம். பின்னால் பக்கத்துக்கு இரண்டாகச் சேர்ந்து நான்கு. பக்கவாட்டில் பார்த்தால் ஒரே சக்கரம்போலத்தான் தெரியும். உள்சக்கரம் வெளிச்சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் மகள் வந்தாள். ஆறு சக்கரத்திலும் காற்றடிக்கிற வாய்மூடியைக் கழற்றிவிட்டுச் சின்னச் சின்னக் குமிழ்களைத் திருகினாள். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் உள்ளங்கையளவு திரை ஒன்றை ஒட்டிவைத்தாள்.

"எந்த டயர்ல எவ்வளவு காத்து இருக்கு, எவ்வளவு சூடு இருக்குன்னு ஓடும்போதே காட்டும்பா. குறைஞ்சா கத்தும்."

அவர் சிரித்தார். "எனக்கு எதுக்கும்மா இது? டயரை ஒரு தட்டு தட்டினா அதுவே சொல்லிடும். வண்டி ஒரு பக்கம் இழுத்தா என் கைக்குத் தெரியும். இந்தப் பொம்மை பொறக்கறதுக்கு முன்னாடியே நான் வண்டி ஓட்டினவன்."

"உங்க கைக்குத் தெரியும்பா. அம்மாவுக்குத் தெரிய வேண்டாமா?" என்றாள் மகள்.

முதல் சில நாள் அந்தத் திரை கத்தின கத்தல் கொஞ்சநஞ்சமல்ல. காலைக் குளிரில் காற்று குறைந்துவிட்டது என்று கத்தும். மதிய வெயிலில் கூடிவிட்டது என்று கத்தும். பின்சக்கரத்துச் செய்தி முன்னால் வந்து சேராவிட்டால் அதற்கும் ஒரு கத்தல்.

"வார்டை விட்டுத் தப்பிச்சு வந்தோம்னு பார்த்தா, வார்டே வண்டியேறி வந்திருக்கே சிஸ்டர்" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கத்துகிற இயந்திரங்களுக்கு நடுவில் ஆயுசைக் கழித்தவள் அவள். வேலைக்குப் புதிதாக வருகிற பெண் முதல் சத்தத்துக்கு ஓடுவாள். கொஞ்ச நாள் போனால் நடப்பாள். அப்புறம் தலையைக்கூடத் திருப்பமாட்டாள். பழகப் பழகப் பாலும் புளிக்கும்; காது மட்டும் விதிவிலக்கா? புலி வருது புலி வருது என்று பொய்யாகவே கத்திக்கொண்டிருந்தால், நிஜப் புலி வருகிற அன்றைக்கு ஒருத்தரும் எழுந்திருக்கமாட்டார்கள். அந்தக் கத்தலைவிட, அது தனக்குப் பழகிப்போய்விடுமோ என்பதுதான் அவளுக்குப் பயம்.

அதனால் ஒரு காலையில், வண்டி நகர்வதற்குமுன், அவளே உட்கார்ந்து எல்லைகளைத் திருத்தினாள். குளிர்ந்த டயரில் எவ்வளவு இருக்க வேண்டுமோ அதை வைத்துக்கொண்டு, இதற்குக் கீழே போனால்தான் கத்த வேண்டும், இதற்குமேல் சூடேறினால்தான் கத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாக அமைத்தாள். வார்டில் ஒவ்வொரு படுக்கைக்கும் அப்படித்தான் செய்வார்கள். அன்றிலிருந்து திரை வாயைத் திறக்கவில்லை.

அமைதி வந்ததும் அவர் உற்சாகமாகிவிட்டார். அவளோ அடிக்கடி திரையைப் பார்க்கத் தொடங்கினாள். சத்தம் போடாத நோயாளியைத்தான் அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு ஊறிப்போன வழக்கம்.

மலைமேட்டுச் சமவெளியைக் கடக்கிற அன்றுதான் அது தொடங்கியது. மரமில்லை, வீடில்லை. சாலை மட்டும் உருகின தார் மினுமினுக்க நீண்டு போனது. எதிரே வருகிற லாரிகள் கானல்நீரில் மிதந்து வந்து, திடீரென்று பெரிதாகி, வண்டியை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் போயின. வெயிலில் எல்லா எண்களும் ஏறிக்கொண்டிருந்தன. ஐந்து சக்கரத்தில் காற்று ஏறுகிறது. ஒன்றில் மட்டும் ஏறவில்லை. வலது பின் உள்சக்கரம்.

"என்னங்க, வலது பக்கம் பின்னாடி, உள்ளே இருக்கிற டயர், மத்ததைவிடக் கம்மியா காட்டுது."

"கத்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? வெயில் இடது பக்கம் அடிக்குது. அந்தப் பக்கம் ஏறும், இந்தப் பக்கம் ஏறாது."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அதே வலது பக்கத்து வெளிச்சக்கரம் ஏறியிருந்ததே! அதைச் சொல்ல வாயெடுத்தாள்; சொல்லவில்லை. அவரவர் தொழில் அவரவருக்கு. தன் வார்டுக்குள் ஒரு டிரைவர் வந்து யோசனை சொன்னால் தான் கேட்டிருப்போமா என்று நினைத்துக்கொண்டாள்.

சாலை வளைந்தது. வெயில் வலது பக்கம் வந்தது. அப்போதும் அந்த எண் ஏறவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று குறைந்தது. அவசரமே இல்லாமல், கொஞ்சநேரம் கழித்து இன்னொன்று.

திடீரென்று விழுகிற நோயாளியை எல்லோரும் ஓடி வந்து பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு படியாக, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் இறங்குகிறவன்தான் கையைவிட்டுப் போவான்.

"நிறுத்துங்க. எனக்கு மனசு சரியில்ல."

பெட்ரோல் பங்க் ஒன்று வந்ததும் அவர் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார். இரும்புக் கம்பியை எடுத்து வெளிச்சக்கரத்தைத் தட்டினார். 'டங்' என்றது. குனிந்து, இடுக்கு வழியாகக் கம்பியை விட்டு உள்சக்கரத்தையும் தட்டினார். அதுவும் ஏதோ ஒரு சத்தம் கொடுத்தது.

"கேட்டியா? கல்லு மாதிரி இருக்கு."

"மீட்டர் வச்சுப் பார்த்துடலாமே?"

"மீட்டர் கட்டிலுக்கு அடியில, கேஸ் சிலிண்டருக்குப் பின்னாடி கிடக்கு. அதுக்கு எல்லாத்தையும் இறக்கணும். இருட்டறதுக்குள்ள மலை இறங்க வேண்டாமா?" அவர் கம்பியைத் துடைத்து வைத்தார். "பேட்டரி தீர்ந்திருக்கும் அந்தக் குமிழ்ல. ஏறும்மா."

அவள் ஏறினாள்.

மலை இறக்கம் தொடங்கியது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் கம்பி வேலியும் பள்ளமும். ஒதுங்கி நிற்க ஒரு முழம் இடமில்லை. பத்துப் பன்னிரண்டு வளைவு கடந்திருப்பார்கள். திரை கத்தியது. அவள் திருத்தி வைத்த எல்லைக்குக் கீழே போய்விட்டது. பக்கத்திலேயே சூட்டு எண் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது.

"என்னங்க!"

"இங்க எங்கம்மா நிறுத்தறது? பின்னாடி லாரி ஒட்டிக்கிட்டு வரான். வண்டி நூல் பிடிச்ச மாதிரி போகுது, இழுக்கவே இல்ல. காத்து இல்லாட்டி என் கைக்குத் தெரியாதா?"

அவர் பொய் சொல்லவில்லை. ஜோடியில் ஒன்று செத்தால் மற்றது சுமையைத் தூக்கிக்கொள்ளும். ஸ்டீயரிங்கில் ஒன்றும் தெரியாது. அத்தனை வருஷம் அவரைக் காப்பாற்றின கை அன்றைக்குச் சும்மா இருந்தது.

திடீரென்று கத்தல் நின்றது. அந்தச் சக்கரத்துக்கு நேரே எண் இல்லை. வெறும் கோடு.

"பார்த்தியா? நான் சொல்லல? மெஷின் செத்துப்போச்சு" என்றார் அவர், பெருமூச்சு விட்டு.

திரையில் கோடு வந்தால் வயரைப் பார்க்கிறவள் கற்றுக்குட்டி. ஆளைப் பார்க்கிறவள்தான் நர்ஸ். அவள் ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டி, பின்னால் பார்த்தாள். முதலில் வாடை வந்தது. ரப்பர் கருகுகிற வாடை. பின்னால் வந்த லாரிக்காரர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

"நிறுத்துங்க! நடுரோடா இருந்தாலும் பரவாயில்ல, நிறுத்துங்க!"

வார்டில் மட்டுமே வெளிவந்த குரல் அது. அவர் அதைக் கேட்டதே இல்லை. கால் தானாகப் பிரேக்கில் இறங்கியது.

இறங்கிப் பார்த்தபோது பின்சக்கரத்துக்குள்ளிருந்து கரும்புகை வந்துகொண்டிருந்தது. காற்றிழந்த உள்டயர் தன் ஜோடியோடு உரசி உரசி நார்நாராகப் போயிருந்தது. வெளிடயர் உப்பிப்போய் நின்றது. அவர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அடங்கிவிட்டதுபோல ஒரு நிமிஷம் தெரிந்தது. அப்புறம் சக்கரத்தின் இடுக்கில் சின்னதாக, ஆரஞ்சு நிறத்தில் ஒரு நாக்கு நீண்டது.

"சிலிண்டர் அதுக்கு நேர்மேல இருக்கு" என்றாள் அவள்.

"ஒரு நிமிஷம், நான் எடுத்துடறேன்..."

அவள் அவர் சட்டையின் பின்கழுத்தைப் பிடித்தாள். லாரிக்காரர் இறங்கி ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார். இருவருமாக அவரை மேட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். வளைவில் பாறைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்த பிறகுதான், இறங்கும்போது அந்தத் திரையைப் பிடுங்கிக்கொண்டு வந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. எதற்காக எடுத்தாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

திரை உயிரோடு இருந்தது. அதற்கென்று உள்ளே ஒரு பேட்டரி. கீழே எரிகிற வண்டியிலிருந்து அதற்குச் செய்தி வந்துகொண்டேயிருந்தது. வலது பின் வெளிச்சக்கரம் சூடு ஏறுகிறது என்று கத்தியது, கோடாயிற்று. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் மலையில் மோதித் திரும்பியது. பிறகு இடது பின் உள்சக்கரம். கோடு. பிறகு அதன் ஜோடி. அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். அணைக்கிற பொத்தான் எதுவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும்; விரல்தான் வரவில்லை. முன்சக்கரம் இரண்டும் கடைசிவரை எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தன. சிலிண்டர் வெடித்தபோது அவையும் நின்றன.

அவர் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து, அடுத்தவன் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீயணைப்பு வண்டி வந்தபோது அணைக்க அதிகம் மிச்சமில்லை. வந்த அதிகாரி, எங்கோ ஓர் ஆணி ஏறியிருக்கும், மெதுவாகக் கசிந்திருக்கும் என்றார். ஊர் திரும்பியதும் பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு." கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போயிற்று. பக்கத்துத் தெருவில் வீட்டுவண்டி வாங்கப்போகிற ஒருவர் வந்து, "அந்த மெஷின் பிரயோஜனமா சிஸ்டர்? வாங்கலாமா?" என்று கேட்டார். அவள் புருஷன் உள்ளறையில்தான் இருந்தார். கதவு திறந்திருந்தது.

"வாங்குங்க" என்றாள் அவள். அதற்குமேல் விளக்கவில்லை.

அந்த வருஷம் அவள் யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தாள். காய்கறி வாங்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு டிரைவிங் பள்ளிக்குப் போனாள். பயிற்சியாளன் அவள் வயதைப் பார்த்துத் தயங்கினான். கிளட்சை விடத் தெரியாமல் வண்டி குதித்தது. பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள். அவள் விடவில்லை. வேன் ஓட்டுகிற அளவுக்கு லைசென்ஸ் எடுத்தாள். இனிமேல் எந்த வண்டியிலும் வெறும் பயணியாக உட்காரமாட்டேன் என்று அவள் முடிவுசெய்து நாளாகியிருந்தது.

அவரும் முடங்கிக்கிடக்கவில்லை. ஒருநாள் அவராகவே, "மறுபடி போகலாமா?" என்றார். முன்னதைவிடச் சின்னதாக, நாலே சக்கரமுள்ள வேன் ஒன்று வந்தது. புதுக் குமிழ்களை அவரே திருகினார். எல்லைகளை அவளிடம் கேட்டுக்கேட்டு அமைத்தார். சிலிண்டரைப் பின்பக்கம், வெளியே எடுக்கத் தோதாக வைத்தார்.

முதல் நாள் அரைமணி ஓட்டியிருப்பார். ஓரமாக நிறுத்தினார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல." இறங்கிப்போய் நாலு சக்கரத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். திரையில் எல்லாம் சரியாக இருந்தது. இன்னும் கொஞ்சதூரம் போனதும் மறுபடி நிறுத்தினார். அப்புறம் மறுபடி. ஏழெட்டுத் தடவைக்குமேல் ஆனதும் அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் வெளுத்திருந்தது. திரையைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஓரிடத்தில் போனவர் திரும்பி வரவில்லை. அவள் இறங்கிப் பார்த்தாள். பின்சக்கரத்தின்மேல் கையை வைத்தபடி குந்தியிருந்தார். லாரிகள் காதோரம் உரசிக்கொண்டு போயின. அவர் அசையவில்லை.

"சூடா இருக்கா?" என்றாள்.

"தெரியலம்மா." அவர் கையை எடுக்கவில்லை. "சூடா இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியல. முன்னெல்லாம் தெரியும்."

அவள் பக்கத்தில் குந்தி, அவர் கைமேல் தன் கையை வைத்தாள். டயர் வெதுவெதுப்பாக, இருக்க வேண்டிய சூட்டில் இருந்தது. அவர் விரல்கள்தான் குளிர்ந்து கிடந்தன.

"எழுந்திருங்க. சாவியைக் கொடுங்க."

"உனக்கு..."

"தெரியும். கத்துக்கிட்டேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சாவியைக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் சுற்றிப்போய் உட்கார்ந்தார். திரையைப் பிய்த்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குதி குதித்துவிட்டு நகர்ந்தது. மற்ற நாளாயிருந்தால் அவர் ஆயிரம் திட்டு திட்டியிருப்பார்.

"முன் இடது சரி" என்றார். "முன் வலது சரி. பின் இடது சரி." கடைசி எண்ணின்மேல் விரலை வைத்தார். "பின் வலது... சரி."

முடித்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அவள் போதும் என்று சொல்லவில்லை. சாலை இறக்கத்தில் திரும்பியது. அவள் வேகத்தைக் குறைத்தாள்.