கலீபாவின் சமையல்காரன்

தொண்ணூறுகளில், டொரொண்டோவில் நான் வெங்காயம் வெட்டிய ரெஸ்டோரண்டில் ஓர் அண்ணை கோப்பை கழுவினார். ஆவி படிந்த கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சாப்பாட்டு ஓடர் எழுதிய துண்டுகளின் பின்பக்கத்தில் பாக்தாத் அரண்மனைக் கதை எழுதுவார்; இடைவேளையில் எனக்கு வாசித்துக் காட்டுவார்.

ஒருநாள், சூப்பில் உப்புக் கூடியதற்காகக் கலீபா தன் சமையல்காரனுக்கு மரண தண்டனை விதித்துவிட்டார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கதையென்றாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணை, அவனைக் கொல்லாதேங்கோ. பிள்ளையள் இருக்குமெல்லே?”

“உனக்கேன் உந்தக் கவலை? அவன் செத்து எண்ணூறு வருசமாச்சுதடா!” என்று சிரித்தார்.

மறுநாள் புதுத் துண்டு வந்தது. ஜின் என்ற பூதம் ஒன்று வந்து சூப்பிலிருந்த உப்பை உறிஞ்சிவிட, கலீபா இன்னொரு கிண்ணம் கேட்டார். நான் கைதட்டினேன். விடுதலையான சமையல்காரன், அடுப்பு அணைந்ததா என்று மூன்று தரம் திரும்பிப் பார்த்துவிட்டே வீட்டுக்குப் போனான்.

அது என் பழக்கம். அந்த ஆவிக் கண்ணாடியோடு எப்படித்தான் கண்டாரோ!